தெரியாதவங்க கை தூக்குங்க

எஸ்தர் டீச்சருக்குக் கண்ணீர் அஞ்சலிப் பேனர் கட்டியவர்கள்தான் அவருடைய வகுப்பறையைப் பூட்டியவர்கள். இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்கு வரவில்லை. கிள்ளானில் எங்கள் தமிழ்ப்பள்ளியின் வாசல் கம்பியில் அந்தப் பேனர் இன்னும் தொங்குகிறது. நடுவில் டீச்சரின் பழைய அடையாள அட்டைப் படம். மேலே இரண்டு மூலைகளிலும் பள்ளி வாரியத் தலைவரும் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரும் கோட்டு போட்டுக்கொண்டு சிரிக்கிறார்கள். செத்தவரின் முகத்தைவிடத் துக்கப்படுகிறவர்களின் முகம் பெரிதாக இருக்கிறது.

ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் செய்தி வந்தது. நான் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். 'நம் பள்ளி ஆசிரியை எஸ்தர் இன்று காலை இறையடி சேர்ந்தார்.' அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். கொஞ்ச நேரத்தில் அதே குழுவில் அடுத்த செய்தி: 'விளையாட்டுப் போட்டிக்கு டி-சட்டை அளவு கொடுக்காதவர்கள் உடனே கொடுக்கவும்.' ஒருவர் எல் என்றார். ஒருவர் எக்ஸ்எல் என்றார். இடையில் தாமதமாகப் பார்த்த ஒருவர் மறுபடி கும்பிடும் கை போட்டார். அது சாவுக்கா சட்டைக்கா என்று யாரும் கேட்கவில்லை.

அறையைப் பூட்டியதால் அவர் செத்துப்போனார் என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை நோயும் பலவீனமான இதயமும் அவரைக் கொண்டுபோயின. மருத்துவமனையில் அப்படித்தான் சொன்னார்கள், அதை நான் நம்புகிறேன். ஆனால் சாவதற்கு ஒரு வருடத்துக்கு மேலாக அவர் ஆசிரியராக இல்லை. சம்பளப் பட்டியலில் இருந்தார், பெயர்ப் பலகையில் இருந்தார், வகுப்பறையில் இல்லை. அந்தக் கணக்கை மருத்துவமனை சொல்லாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

அவரை அறிந்த உங்களுக்கு இது தெரியும். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எஸ்தர் டீச்சர் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். அப்பா சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவர். தினமும் கொமியூட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்கு வருவார். எங்கள் பள்ளியில் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை குறைநீக்கல் வகுப்பு. மற்றப் பிள்ளைகள் பாடம் படிக்கும் நேரத்தில், எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாத பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு. மூன்றாம் ஆண்டோடு அதை நிறுத்திவிட வேண்டும் என்பது ஏற்பாடு. நான்காம் ஆண்டிலும் ஐந்தாம் ஆண்டிலும் ஒரு வரி படிக்க முடியாமல் பின்வரிசையில் ஒளிந்துகொண்டிருக்கும் பிள்ளைகளை அவர் தேடிப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போவார். சிற்றுண்டிச் சாலைக்குப் பக்கத்தில், முன்பு விளையாட்டுச் சாமான் போட்டுவைத்திருந்த நீளமான அறை அவருடையது. காலையிலிருந்தே மீ கோரெங் நூடுல்ஸ் வாடை அடிக்கும். மற்றப் பிள்ளைகள் அந்த இடத்துக்கு வைத்த பெயர் 'போடோ ரூம்'. மலாயில் போடோ என்றால் முட்டாள். ஆசிரியர் அறையிலும் சிலர் அப்படித்தான் சொன்னார்கள், சிரித்துக்கொண்டு.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் அந்த அறைக்குள் போனேன். என் வகுப்பிலிருந்து அவர் அழைத்துப்போன ஒரு பிள்ளையைத் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. டீச்சர் பலகையில் ஒரு சொல்லை எழுதிவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"தெரியாதவங்க கை தூக்குங்க."

அறை முழுக்கக் கைகள். ஒரு பிள்ளை இரண்டு கைகளையும் தூக்கியிருந்தான். டீச்சர் ஒருவனைக் காட்டினார்.

"எந்த ஸ்டேஷன்ல எறங்கிட்ட?"

"ரெண்டாவது எழுத்துலயே எறங்கிட்டேன் டீச்சர்."

"மொத ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டியா? சபாஷ். நீ?"

"நான் ஏறவே இல்ல டீச்சர்."

பிள்ளைகள் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை. ஒரே ரயிலைத் தவறவிட்டவர்கள் சிரிக்கிற சிரிப்பு. "சரி, பிளாட்பாரத்துல நிக்கிறவங்கள மொதல்ல ஏத்துவோம்" என்று சொல்லி டீச்சர் பலகைப் பக்கம் திரும்பினார். அந்தப் பாடம் எங்கே நிற்கிறது என்று அவருக்கு இப்போது தெரியும். நான் ஒரு வருடம் பாடம் எடுத்த பிறகும் என் வகுப்பில் எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியாது. பதில் தெரிந்த நாலைந்து பிள்ளைகளின் கைகளைப் பார்த்துத்தான் நாங்களெல்லாம் பாடம் நடத்துகிறோம். பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததும் அதுதான்.

அன்றைக்கு அவரிடம் கேட்டேன்: "இது என்ன டீச்சர், தலைகீழா கேக்குறீங்க?"

"தெரிஞ்ச பிள்ளைக்கு நான் எதுக்கு சார்? அது நான் இல்லாமலே படிச்சிக்கும்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "உங்க கிளாஸ வெளிய நின்னு பாத்தேன். நல்லா பேசுறீங்க. பிள்ளைங்களும் நல்லா கேக்குறாங்க. அவ்ளோதான் நடக்குது."

இதுதான் எஸ்தர் டீச்சர். அவரைப் புனிதராக்கி எழுத எனக்கு விருப்பமில்லை. அவருக்கு நாக்கில் கத்தி. அறிக்கைகளை நேரத்துக்குக் கொடுக்கமாட்டார். தீபாவளி உபசரிப்புக்குச் சாப்பாடு கொண்டுவரச் சொன்னால், "கிறிஸ்மஸுக்கு நீங்க என்ன கொண்டாந்தீங்க?" என்று ஆசிரியர் அறையிலேயே கேட்பார். கூட்டத்தில் தலைமையாசிரியர் பேசிக்கொண்டிருக்கும்போது கைப்பையிலிருந்து முறுக்கு எடுத்துக் கடிப்பார், சத்தம் கேட்கும். அவரை விரும்பாதவர்கள் பலர். அதற்குக் காரணங்களும் இருந்தன.

கவிஷாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேரு பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அம்மாவின் ஒரே பிள்ளை. நான்காம் ஆண்டில் இருந்தபோதுதான் டீச்சர் அவளைக் கண்டுபிடித்தார். அதுவரை ஒருவருக்கும் அவள்மேல் சந்தேகம் வரவில்லை. பக்கத்துப் பிள்ளை வாசிப்பதை ஒருமுறை கேட்டால் போதும், தன் முறை வரும்போது அப்படியே ஒப்பித்துவிடுவாள். விரல்கூட வரிமேல் சரியாக நகரும். அந்த அறைக்கு வந்த பிறகும் அவள் மட்டும் கை தூக்கவில்லை. எல்லாம் தெரியும் என்பதுபோல் உட்கார்ந்திருப்பாள். டீச்சர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. "கை தூக்காத பிள்ளையப் பாத்தாதான் சார் எனக்குப் பயம்" என்று என்னிடம் மட்டும் சொன்னார். வாரங்கள் போயின. ஒரு நாள் பாதிப் பாடத்தில் கவிஷாவின் கை மெல்ல மேலே வந்தது. தோள்வரைதான் வந்தது.

"எந்த ஸ்டேஷன் கண்ணு?"

"எனக்கு ஒன்னுமே தெரியாது டீச்சர். எல்லாம் பொய்."

டீச்சர் அதை என்னிடம் சொன்னபோது அழவில்லை. கோபமாக இருந்தார். "நாலு வருஷம் சார். அந்தப் பிள்ள நாலு வருஷம் நம்மகிட்ட நடிச்சிருக்கு. நாம கைதட்டி இருக்கோம்."

அதற்குப் பிறகு கவிஷா வேகமாகப் படித்தாள் என்று எழுத ஆசைதான். மெதுவாகத்தான் படித்தாள். ஐந்தாம் ஆண்டு தொடங்கியபோது கடைப் பலகைகளை வாசிக்கத் தொடங்கியிருந்தாள். மூன்று எழுத்துச் சொல் வந்தது, ஐந்து எழுத்து வந்தது. ஒரு பத்தி வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பள்ளி தங்கப் பதக்கம் வாங்கியது. இந்த நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளில் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. வெளிநாட்டில் ஒரு புத்தாக்கப் போட்டி. எங்கள் குழு பழத்தோலிலிருந்து பூச்சி விரட்டி செய்தது. செய்தவர்கள் ஆசிரியர்கள். பிள்ளைகள் ஆங்கிலத்தில் உரை மனப்பாடம் செய்தார்கள். போய் நின்று ஒப்பித்தார்கள், தங்கம் வாங்கினார்கள். பக்கத்து மேசைக்காரர்களும் தங்கம் வாங்கினார்கள், அதற்கடுத்த மேசைக்காரர்களும். வெறுங்கையோடு திரும்பிய குழு ஒன்றை நான் இதுவரை சந்தித்ததில்லை. கவிஷா வகுப்பில் செய்துகொண்டிருந்ததைத்தான் அவர்கள் மேடையில் செய்தார்கள். அவளுக்கு அதன் பெயர் பொய் என்று தெரிந்திருந்தது. எங்களுக்கு அதன் பெயர் சாதனை.

பதக்கத்தைப் பாராட்ட, டத்தோ பட்டம் வாங்கிய எங்கள் வாரியத் தலைவர் வந்தார், படமெடுக்க இரண்டு பேரோடு. மாலை போட்டார்கள், சபையில் பேசினார்கள். பிறகு 'வகுப்பறைகளைப் பார்வையிடல்' என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. தலைமையாசிரியர் அவரை ஆறாம் ஆண்டு பக்கம் நடத்திக்கொண்டு போனார். டத்தோ சாப்பாட்டு வாடையைப் பிடித்துக்கொண்டு சிற்றுண்டிச் சாலைப் பக்கம் திரும்பி எஸ்தர் டீச்சரின் அறைக்குள் நுழைந்துவிட்டார். நானும் பின்னால் போனேன்.

"வணக்கம் டத்தோ" என்று பிள்ளைகள் இழுத்தார்கள்.

"வணக்கம், வணக்கம். எல்லாம் கெட்டிக்காரப் பிள்ளைங்களா? டத்தோ ஒரு கேள்வி கேக்கட்டுமா? பன்னெண்டு எட்டு எவ்வளவு?"

சட்டென்று எல்லாக் கைகளும் மேலே போயின. ஒரு கைகூட மிச்சமில்லை. சிலர் எழுந்து நின்று தூக்கினார்கள். டத்தோவின் முகம் மலர்ந்துவிட்டது. படமெடுப்பவர்களைப் பார்த்து, "எடுங்க, எடுங்க, இதான் நம்ம தமிழ்ப்பள்ளி" என்றார். முதல் வரிசையில் இருந்த கவிஷாவைக் காட்டினார்.

கவிஷா எழுந்து நேராக நின்றாள். "தெரியாது டத்தோ!"

டத்தோ சிரித்தார். பக்கத்துப் பையனைக் காட்டினார்.

"எனக்கும் தெரியாது டத்தோ!"

"அட, என்னலா இது? நீ சொல்லு பாப்பா."

"எட்டு பத்து வரைக்கும் தெரியும் டத்தோ. அதுக்கப்புறம் எறங்கிட்டேன்."

தலைமையாசிரியர் தரையைப் பார்த்தார். படமெடுப்பவர் கேமராவை இறக்கவில்லை. எஸ்தர் டீச்சரை நான் பார்த்தேன். பெருமை தாங்காமல் நின்றுகொண்டிருந்தார். உண்மையைச் சொல்லும் ஒரு வகுப்பை டத்தோவுக்குக் காட்டிவிட்டதாக அவர் நினைத்தார். அதுதான் அவர் செய்த தவறு. பிறகு அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் செய்தார்.

"டத்தோ, நீங்களும் ஒங்களுக்குத் தெரியாத ஒன்னு சொல்லுங்களேன். பிள்ளைங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்."

பிள்ளைகள் ஆவலோடு பார்த்தார்கள். டத்தோ கேமராவைப் பார்த்தார். "நல்லது, நல்லது" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அந்தக் கேமராவில் பதிவான காணொளி அன்று மாலையே கைப்பேசிகளில் சுற்றியது. தமிழ்ப்பள்ளி மானம் போச்சு என்றார்கள். இதுக்குத்தான் மலாய்ப் பள்ளிக்கு அனுப்புறோம் என்றார்கள். பூச்சோங்கிலிருந்தும் சுங்கை பூலோவிலிருந்தும், எங்கள் பள்ளியை ஒருமுறைகூடப் பார்த்திராதவர்கள் எஸ்தர் டீச்சரை வேலையைவிட்டு நீக்கச் சொன்னார்கள். பிள்ளைகளின் முகத்தை மறைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பெற்றோர் ஆசிரியர் சங்கம் அவசரக் கூட்டம் போட்டது. மண்டபம் நிறைந்திருந்தது. ஒருவர் எழுந்து, "எங்க பிள்ளைங்கள முட்டாளுன்னு ஊருக்கே காட்டிட்டாங்கலா இந்த டீச்சர்" என்றார். அவருடைய பிள்ளை அந்த அறையில் படிக்கவில்லை. இன்னொருவர், "தெரியாதுன்னு சொல்றதுக்கா ஸ்கூலு, பாஸ்?" என்று கேட்டார், கைதட்டல் வாங்கினார். கவிஷாவின் அம்மா வேலை உடையோடு வந்திருந்தார். பின்னால் நின்றபடியே பேசினார்.

"நான் ஒன்னு சொல்லணும். எம்மவ இப்ப பஸ்ஸுல போறப்ப போர்டுலாம் படிக்குது. போன வருஷம் படிக்கல."

"சரிக்கா, உக்காருங்க. நேரமாச்சு" என்றார்கள்.

உட்கார நாற்காலி இல்லை. அவர் நின்றுகொண்டே இருந்தார்.

எஸ்தர் டீச்சரிடம் விளக்கம் கேட்டார்கள். அவர் நீளமாகப் பேசவில்லை. "அந்தப் பிள்ளைங்க நெஜத்தச் சொல்லுச்சுங்க. யாரும் சொல்லித் தரல, அதுங்களாவே தைரியமா சொல்லுச்சுங்க. அதுக்கு ஒரு மெடல் இருந்தா குடுங்க." அன்றைக்கு அவரோடு எழுந்து நிற்காத ஆசிரியர்களின் பெயர்களை இங்கே எழுத முடியும். எல்லாருடைய பெயரையும் எழுத வேண்டிவரும் என்பதால் விடுகிறேன்.

அடுத்த மாதம் அந்த அறைக்குச் சாயம் அடித்தார்கள். பிள்ளைகளின் மேசைகள் வெளியே போயின, கண்ணாடி அலமாரிகள் உள்ளே வந்தன. வாசலில் 'சாதனை அறை' என்று பலகை மாட்டினார்கள். பழத்தோல் பூச்சி விரட்டியின் பதக்கம் அங்கே மஞ்சள் விளக்கின்கீழ் இருக்கிறது. டத்தோ ரிப்பன் வெட்டினார். அதற்குப் பிறகு அறையைப் பூட்டிவிட்டார்கள். பதக்கம் காணாமல் போகக்கூடாது அல்லவா?

எஸ்தர் டீச்சருக்குப் பாடநூல் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுத்தார்கள். யாராவது விடுப்பு எடுத்தால் அந்த வகுப்பில் போய் உட்கார வேண்டும், பிள்ளைகள் சத்தம்போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குறைநீக்கல் வகுப்பு காகிதத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் தங்கள் பழைய பின்வரிசைகளுக்குத் திரும்பிப் போனார்கள். கொஞ்ச நாள் இடைவேளையில் சிற்றுண்டிச் சாலை பெஞ்சில் அவர்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். சாப்பிடும் இடத்தில் பாடம் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

பிறகு கவிஷா மட்டும் மிஞ்சினாள். சாயங்காலம் அவளுடைய அம்மா அவளைக் கிள்ளான் ரயில் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு வருவார். டீச்சர் பிளாட்பாரப் பெஞ்சில் காத்திருப்பார். கோலாலம்பூர் போகும் ரயில் வரும், நிற்கும், போகும். டீச்சர் ஏறமாட்டார். ஒருமுறை நான் பார்த்தேன். ரயில் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. கவிஷா பதறி, "டீச்சர், ஒங்க ட்ரெயின்!" என்றாள்.

"அது கெடக்குது. நீ இன்னும் ஏறல. படி."

அவர் கால் வீங்கியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். சில மாதங்களில் படி ஏற முடியாமல் போனது. மருத்துவ விடுப்பில் போனார், திரும்பி வரவில்லை. பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு நான் போனபோது முதலில் கேட்டது தன் உடம்பைப் பற்றி இல்லை.

"கவிஷா எங்க நிக்கிறா?"

"ஒரு பத்தியில பாதி வரைக்கும் வர்றா டீச்சர்."

"பாதியிலயா எறக்கிவிட்டுட்டோம்?" என்றார். 'எறங்கிட்டா' என்று சொல்லவில்லை.

என்னிடம் மிஞ்சியிருப்பது அவருடைய கேள்வி. இப்போது என் வகுப்பிலும் தெரியாதவர்களைத்தான் கை தூக்கச் சொல்கிறேன். ஆரம்பத்தில் ஒருவரும் தூக்கவில்லை. இப்போது ஆறேழு பேர் தூக்குகிறார்கள். எனக்கு அவரைப் போலச் செய்ய வரவில்லை. ரயிலையும் பிளாட்பாரத்தையும் நான் சொன்னால் ஒட்டவில்லை. ஆனால் கை தூக்காத பிள்ளைகளைப் பார்த்தால் இப்போது எனக்கும் பயம். அந்தப் பயமும் அவர் கொடுத்துவிட்டுப் போனதுதான்.

போன வெள்ளிக்கிழமை பள்ளி மண்டபத்தில் அஞ்சலிக் கூட்டம் நடந்தது. டத்தோ தலைமை தாங்கினார். எஸ்தர் டீச்சர் நம் பள்ளியின் ஒளிவிளக்கு என்றார், கடைசிப் பிள்ளைக்கும் கல்வி கொடுத்தவர் என்றார். அந்தக் கடைசிப் பிள்ளைகள் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கவிஷா இப்போது ஆறாம் ஆண்டு. இந்த ஆண்டு முடிந்தால் இடைநிலைப்பள்ளிக்குப் போகிறாள், பாதிப் பத்தியோடு.

"டீச்சரப் பத்தி யாராச்சும் ரெண்டு வார்த்த பேசுறீங்களா? கை தூக்குங்க" என்றார் டத்தோ.

நான் தூக்கினேன்.

"வாங்க சார், வாங்க. மைக்க குடுங்க சாருக்கு."

"பேச இல்ல டத்தோ. எனக்கு ஒன்னு தெரியல, அதான் கை தூக்குனேன். அந்த ரூம எப்ப தொறப்பீங்க? பதக்கத்த எடுத்துட்டு எப்ப மேச போடுவீங்க? இந்தப் பிள்ளைங்களுக்கு டீச்சர் எப்ப வருவாங்க?"

"சார், இது அஞ்சலிக் கூட்டம்" என்றார் தலைமையாசிரியர்.

நான் கையை இறக்கவில்லை. பின்னால் சலசலப்பு கேட்டது. திரும்பினேன். கடைசி வரிசையில் கவிஷாவின் கை மேலே இருந்தது, இந்த முறை முழுதாக. அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு கை, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. தெரியாதவர்கள் எல்லாரும் தூக்கியிருந்தார்கள்.

டத்தோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மறைந்த ஆசிரியைக்காக எல்லாரும் எழுந்து ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி" என்றார்.

மண்டபம் எழுந்தது. பெரியவர்கள் தலை குனிந்தார்கள். பிள்ளைகள் தூக்கிய கைகளோடு எழுந்து நின்றார்கள். மௌனம் முடிந்தது. தேநீரும் கறிபாப்பும் கொடுத்தார்கள். சாதனை அறையைத் தாண்டித்தான் எல்லாரும் வாசலுக்குப் போனோம். பூட்டு அப்படியே தொங்கியது.

டத்தோ, கைகள் இன்னும் மேலேதான் இருக்கின்றன. அறையை எப்போது திறக்கப்போகிறீர்கள்?